தலைக்கு மேல

ஜனவரி 9, வியாழன்
குளிருக்கெண்டு கூரைக்குள்ள கொட்டிக் கிடக்கிற பழைய இன்சுலேசனில, மூச்சில போனா நுரையீரலைக் கெடுக்கிற அஸ்பெஸ்ரஸ் இருக்கோ எண்டு பாக்கக் குடுத்தது, லாப்பில இருந்து இன்னும் ஒண்டும் வரேல்ல. அம்மா இரவு முழுக்க இருமினவா.

ஜனவரி 11
அற்றிக் மூடி இருக்கிறது அம்மான்ர அறை அலுமாரிக்குள்ள. ரொறன்ரோவில பழைய ஈஸ்ட் யோர்க் வீடுகளில இப்பிடித்தான், எங்கயாவது ஒரு அலுமாரிக்குள்ள ஒரு பலகையைத் தள்ளினா கூரைக்குள்ள போகலாம். இப்ப சுத்திவர ரேப் ஒட்டியாச்சு. இன்சுலேசன் காரர் ஏணி வச்சு ஏறி ரோச் அடிச்சுப் பாத்திட்டு ஒரு கதையும் பேசாம இறங்கினவர். அவற்ற போனில படம் பாத்தன், மரச்சட்டங்களுக்கு இடையில சாம்பலும் பொன்னுமா மினுங்குது, பொரிச்ச அவல் மாதிரி. வேர்மிகுலைற், அந்தக் காலத்தில இன்சுலேசனுக்குக் கொட்டின ஒரு கனிமம். அமெரிக்காவில மொன்ரானாவில லிபி எண்ட ஊரில சுரங்கம் இருந்தது, 1990இல மூடீட்டினம், அதுவரைக்கும் அங்க இருந்து வந்த சரக்கில அஸ்பெஸ்ரஸும் கலந்து வந்ததாம். எல்லா வேர்மிகுலைற்றிலயும் இருக்குமெண்டில்லை. இருக்கெண்டு நினைச்சு நடவுங்கோ, கலைக்காதேங்கோ எண்டுதான் ஹெல்த் கனடா சொல்லுது. சரி, கலைக்காம அதுக்கு மேல புதுசை எப்பிடிக் கொட்டுறது?

ஜனவரி 14
பொங்கல். ஸ்ரவ்வில பொங்கி, ஜன்னலுக்கால சூரியனைக் காட்டினது.
அம்மாக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு, இவர்தான் சொல்லிப்போட்டார். அவா சிரிக்கிறா. "ஊரில அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழதானே உங்களைப் பெத்து வளத்தனான்." உண்மைதான், அங்க கனக்க வீட்டுக் கூரை அந்தச் சீற்தான். இலங்கையில அதை 2018இல தடை செய்யப் போகினம் எண்டு இருந்தவை, 2017 டிசம்பரில ரஷ்யா எங்கட தேயிலையை ஏதோ வண்டு இருக்கெண்டு நிப்பாட்டினவுடன தடையைத் தூக்கி அங்கால வச்சிட்டினம். அஸ்பெஸ்ரஸ் விக்கிறது ரஷ்யா. கனடா மட்டும் என்ன, கியூபெக்கில அஸ்பெஸ்ரஸ் எண்டே ஒரு ஊருக்குப் பேர் வச்சிருந்தவை, 2020இலதான் மாத்தினவை. ஆனா சீற்றில அது சீமெந்தோட இறுகிக் கிடக்கும், உடைச்சா, வெட்டினாத்தான் தூசி. இது அப்பிடி இல்லை, சும்மா கொட்டிக் கிடக்கு. அம்மாக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தேலாது. ரெண்டாந்தரம் பொங்கல் போட்டுச் சாப்பிட்டவா.

ஜனவரி 17
லாப் எடுக்கேல்ல.

ஜனவரி 21
சரியான குளிர். ஃபேர்னஸ் ஓயாம ஓடுது, மேல் அறை அப்பவும் ஐஸ். பீலி முழுக்க ஐஸ் ஈட்டி தொங்குது, பக்கத்து வீட்டில ஒண்டும் இல்லை. நாங்கள் காசு குடுத்து வாங்கிற சூடு மேல ஏறி, வயர் ஓட்டை, சிம்னி இடுக்கு எல்லாத்துக்காலயும் அற்றிக்குக்க போய், கூரையில கிடக்கிற ஸ்நோவை உருக்குது, உருகின தண்ணி ஓரத்துக்கு வந்து திருப்பி உறையுது, பேந்து வாற தண்ணிக்குப் போக இடமில்லாம ஓட்டுக்குக் கீழால உள்ள வருது. இதில பாத்ரூம் ஃபானையும் வெளியில விடாம அற்றிக்குக்கயே விட்டு வச்சிருக்கினம், குளிக்கிற ஈரம் எல்லாம் அங்கதான். முதல் ஓட்டையை அடைக்கோணும், பிறகுதான் இன்சுலேசன், எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம். ஓட்டை எல்லாம் அந்த அவலுக்குக் கீழ இருக்கு.

ஜனவரி 23
இருக்கு. ட்ரெமொலைற், அஸ்பெஸ்ரஸில ஒரு வகை. ஒன்ராரியோ சட்டத்தில 0.5 வீதம்தான் கோடு, அதுக்கு மேல.

ஜனவரி 24
எடுக்கிறதுக்குக் கேட்ட காசில அம்மாவை ரெண்டு தரம் ஊருக்கு அனுப்பிக் கூட்டிவரலாம். அதோட பழைய நொப் அன்ட் ரியூப் வயரும் இருக்கு, பீங்கான் குமிழ் பிடிச்சு ஓடுற வயர், அது காத்துப் பட்டுத்தான் ஆறும், அதைப் புதுசா ஊதப்போற செலுலோஸ் இன்சுலேசனால மூடினா வீட்டுக்கே நெருப்பு. இன்சூரன்ஸ்காரருக்கு உது தெரிய வர முதல் மாத்தோணும். இவர் "வித்திட்டுப் போவம்" எண்டார். எங்க போறது, வாங்கிறவனுக்குச் சொல்லாமலோ விக்கிறது எண்டு கேட்டன். ரெண்டுபேரும் கதைக்கேல்ல பிறகு.

ஜனவரி 29
அம்மான்ர எக்ஸ்ரே கிளியர். சாதாரணச் சளியாம். டொக்ரரிட்ட அஸ்பெஸ்ரஸைக் கேட்டன், வாறதெண்டாலும் இருபது முப்பது வருசம் கழிச்சுத்தான் வரும் எண்டார். அம்மா கார் முழுக்க இதேதான். "இருபது வருசம் கழிச்சு வாற வருத்தத்துக்கு இப்ப என்னத்துக்குப் பிள்ளை அழுகிறாய், எனக்கு 74."
சின்னவனுக்கு ஆறு.
ஒளிச்சுப் பிடிச்சு விளையாடேக்க அவன் எப்பவும் ஒளிக்கிறது அந்த அலுமாரிக்குள்ளதான்.

ஜனவரி 30
நித்திரை இல்லை. அலுமாரித் தட்டை ஈரத் துணியால திருப்பித் துடைச்சன். மூடி இறுக்கம்தான், ஒண்டும் விழுந்திருக்காது எண்டு இன்சுலேசன் காரர் சொன்னவர். சொன்னவர்தான்.

பெப்ரவரி 6
ஸ்காபரோவில மச்சாள் வீட்டு பேஸ்மென்ற். எங்கட வீட்டில வெள்ளை உடுப்பு, முகமூடியோட பெடியள், பிளாஸ்ரிக் கட்டி, உள்காத்தை வடிகட்டி வெளியில இழுக்கிற மெசின் வச்சு, பெரிய குழாயால உறிஞ்சி எடுக்கினம். இவர் றோட்டில காருக்குள்ள இருந்து வீடியோ எடுத்து அனுப்பிறார். மச்சாள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் "எவ்வளவு முடிஞ்சுது?" எண்டு கேக்கிறா. வேலையைக் கேக்கிறாவோ காசைக் கேக்கிறாவோ தெரியேல்ல.

பெப்ரவரி 13
ஸ்நோ, ஸ்நோ. எலெக்ரீசியன் வரேல்ல.

பெப்ரவரி 16, ஞாயிறு
திருப்பியும் கொட்டுது. எலெக்ரீசியன் வெள்ளிக்கிழமை வந்து பாதி இழுத்திட்டுப் போனவர். மிச்சம் முடிஞ்சாத்தான் ஓட்டை அடைக்கிறது, பிறகு செலுலோஸ், R-60க்கு, அதுதான் சூட்டைத் தடுக்கிற அளவு, பதினாறு பதினேழு இஞ்சி உயரத்துக்கு ஊதோணுமாம், பழைய பேப்பரை அரைச்சு நெருப்புப் பிடிக்காம போராக்ஸ் மாதிரி ஒண்டு கலந்தது. எடுத்தபிறகு காத்தில அஸ்பெஸ்ரஸ் இருக்கோ எண்டு பாக்கிற ரெஸ்ற் ரிப்போர்ட் வரேல்ல, நாளைக்கு ஃபமிலி டே, எல்லாம் பூட்டு. அம்மா பெட்டி அடுக்கிப்போட்டா, தன்ர கட்டிலில படுக்கோணுமாம், செவ்வாய்க்கிழமை மட்டும் பொறுங்கோ எண்டா கேக்கிறா இல்லை. சின்னவனும் சப்பாத்தைப் போட்டிட்டு நிக்கிறான். இவர் என்னைப் பாக்கிறார், நான்