பட்டன் போனில் பத்தாம் வகுப்புக் கணக்கு

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. அடுத்துப் பத்தாவதுக்கு வந்தவர்களை நினைத்துத்தான் எங்களுக்குத் தூக்கம் போனது. கீழே நாமக்கல்லில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் ஜூமில் உட்கார்ந்துவிட்டார்கள். மலையிலோ போன் பேசுவதற்கே டவர் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போக வேண்டும்.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது. பாடப் புத்தகத்தில் க்யூஆர் கோடு இருந்தது, பாடங்களை இறக்கிப் பார்க்க அரசின் திக்‌ஷா செயலி இருந்தது, யூடியூபில் வீடியோக்கள் இருந்தன. பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. அது மேலே ஏறி வந்து ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைவதுதான் பாடு.

முதலில் நோட்டுப் போட்டு வீட்டுக் கணக்கு எடுத்தோம். "போன் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் முக்கால்வாசி வீட்டில் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. போன் யார் கையில் இருக்கிறது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது, யார் ரீசார்ஜ் செய்கிறார்கள், மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா, வீட்டுக்குள் டவர் எடுக்குமா, பாப்பா தனியாகப் போனை எடுத்துப் பேச விடுவார்களா? இதையெல்லாம் கேட்ட பிறகுதான் நிலவரம் புரிந்தது. டச் போன் இருந்த வீடுகளில் பாதிக்கு மேல் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அல்லது திருப்பூரில் இருக்கும் அண்ணன் கையில் இருக்கும். வீட்டில் எப்போதும் இருப்பது அம்மாவின் பட்டன் போன். "பட்டன் போன்தானுங்க சார் இருக்குது, இதுல படமெல்லாம் தெரியாதுங்க" என்று ஒரு தாய் கூச்சத்தோடு சொன்னார். அந்தப் போனுக்குத்தான் பாடம் தயாரிப்பது என்று அன்றே முடிவெடுத்தேன். பட்டன் போனில் ஓடும் பாடம் டச் போனிலும் ஓடும். டச் போனை நம்பிச் செய்த பாடம் பட்டன் போனுக்கு இறங்கி வராது.

வீடியோக்களைச் சுருக்கி மெமரி கார்டில் போட்டுப் பார்த்தோம். சின்னத் திரையில் படம் ஓடத்தான் செய்தது. ஆனால் கரும்பலகையில் எழுதிய மைனஸ் எது, சமக்குறி எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கணக்குக்கு அது உதவாது. குரல் உதவும். என் போனிலேயே பதிவு செய்து எம்பி3-ஆக மாற்றினால் பத்து நிமிடப் பாடம் ஐந்து எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு 4 ஜிபி கார்டில் ஒரு வருடக் கணக்கையும் போட்டு, மற்றப் பாடங்களுக்கும் இடம் விடலாம். நெட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். நூறு முறை போட்டுக் கேட்டாலும் காசு போகாது.

படம் இல்லாமல் வடிவியல் எப்படி நடத்துவது என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் கணக்கை நான் பதிவு செய்தது இப்படி:

"காம்பஸை எடுத்துக்கோ. 3 சென்டிமீட்டர் ஆரத்துல ஒரு வட்டம் போடு. மையத்துக்கு ஓன்னு பேர் வை. இப்போ என்னை நிறுத்திட்டு வரை. முடிச்சதும் திரும்பப் போடு… முடிச்சிட்டியா? ஓவுல இருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வை, அது பீ. ஓபியைச் சேர்த்து ஒரு கோடு போடு. அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு வரை. நிறுத்திக்கோ… அது கோட்டை வெட்டுற இடம் எம். எம்முல முள்ளை வச்சு, ஓ வரைக்கும் காம்பஸை விரிச்சு இன்னொரு வட்டம். முதல் வட்டத்தை ரெண்டு இடத்துல வெட்டும். அந்த ரெண்டையும் பீயோட சேர். இப்போ ஸ்கேலை வச்சு அள. 4 சென்டிமீட்டர் வரணும். வரலைன்னா காம்பஸ் எங்கேயோ நழுவியிருக்கு, மறுபடி போடு."

3, 5 என்ற அளவுகளை யோசித்துத்தான் எடுத்தேன். பித்தாகரஸ்படி விடை முழு எண்ணாக வரும். அருகில் ஆசிரியர் இல்லாத பிள்ளைக்குத் தன் வேலை சரியா என்று தானே பார்க்க ஒரு வழி வேண்டும். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் இப்படி ஒரு சரிபார்ப்பை வைத்தேன். இயற்கணிதத்தில் விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எத்தனை அழகான வீடியோவிலும் நான் அதிகம் காணாத விஷயம் இது.

கார்டில் ஏற்றும் வேலையைச் செம்மேட்டில் ஒரு மொபைல் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குபவர். பாடத்தை ஏற்றுவதற்கு ஒரு பைசா வாங்கவில்லை. சந்தைக்கு வரும் பெற்றோர் போனை நீட்டினால் போதும், பாட்டோடு பாடமும் ஏறிவிடும். அக்கா, அண்ணன் பன்னிரண்டாவது படித்தபோது வாங்கிய அரசு லேப்டாப் சில வீடுகளில் இருந்தது. பேட்டரி செத்து, சார்ஜர் செருகினால் மட்டும் ஓடும். அந்த வீடுகளுக்குப் பென் டிரைவில் முழு வீடியோவே கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் திண்ணையில் இடைவெளி விட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். திக்‌ஷாவில் ஒருவர் இறக்கிய பாடத்தை நெட் இல்லாமலே அடுத்த போனுக்கு அனுப்ப முடியும். டச் போன் வைத்திருந்த மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் நாங்கள் சொல்லாமலே பாடங்களை ஊர் ஊராகப் பரப்பினார்கள்.

இதுவரை சொன்னது பாதி வேலைதான். பாடம் போய்ச் சேர்ந்ததா என்பது அவர்கள் எழுதியது நம் கைக்குத் திரும்பி வந்தால்தான் தெரியும். ஆன்லைன் கல்வி பற்றிப் பேசும் பலரும் இந்தத் திரும்பும் வழியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

சந்தேகம் வந்தால் மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னோம், நாங்கள் திருப்பிக் கூப்பிடுவோம். பிறகு கான்ஃபரன்ஸ் கால் போட்டோம். என் போனிலிருந்து ஒரே நேரத்தில் ஐந்து பேரைச் சேர்க்கலாம். அழைப்பை ஏற்கப் பட்டன் போனே போதும், அவர்களுக்குச் செலவும் கிடையாது. ஐந்து பேர் என்பது சின்னக் கூட்டம் என்று தோன்றும். ஆனால் வகுப்பில் வாயே திறக்காத பையன்கூட அதில் பேசினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுக்கச் சொல்லி, அடுத்த படி என்ன என்று கேட்டால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

நேரம் பிடிபடக் கொஞ்சம் அலைந்தோம். மாலையில் போன் வீட்டுக்கு வரும், வந்ததும் தம்பி கைக்குப் போகும். பெண் பிள்ளைக்குக் கிடைக்கும்போது மணி பத்தாகியிருக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு மாற்றினோம். ஆண்கள் வேலைக்குக் கிளம்பும் முன் போன் சும்மா கிடக்கும் நேரம் அது. பெண் பிள்ளைகளை எங்கள் தமிழம்மாதான் முதலில் கூப்பிடுவார். அம்மாவிடம் நாலு வார்த்தை நலம் விசாரித்துவிட்டுத்தான் பாப்பாவிடம் கொடுக்கச் சொல்வார், பிறகு என்னைச் சேர்ப்பார். இப்படிச் செய்த பிறகு ஒரு வீட்டிலும் தடை சொல்லவில்லை. இன்னொரு பயனும் இருந்தது. ஐந்து குரலில் ஒன்று தொடர்ந்து காணாமல் போனால் ஏதோ நடக்கிறது என்று உடனே தெரியும். ஒரு மாணவிக்குக் கல்யாணப் பேச்சு நடப்பது அப்படித்தான் தெரியவந்தது. தமிழம்மா வீட்டுக்கே போய்ப் பேசினார், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அந்தப் பிள்ளையிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. வேலைக்குப் போய்விட்ட இரண்டு பையன்களை மட்டும் எங்களால் மீட்க முடியவில்லை.

நோட்டுகள் வந்து சேர்ந்ததற்குச் சத்துணவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சமைத்துப் போட முடியாததால் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அதை வாங்க வரும் நாளில் பெற்றோர் கையில் நோட்டும் வரும். வாங்கித் திருத்தி, அடுத்த முறை வரும்போது கொடுத்துவிடுவேன். சிவப்பு மையில் வெறும் டிக் போட்டு அனுப்பியதில்லை. எந்தப் படியில் தப்பு, எந்தப் பதிவை மறுபடி கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நோட்டிலும் எழுதினேன்.

2021 ஜனவரி 19-ஆம் தேதி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பள்ளி திறந்தது. முதல் வாரமே ஒரு தேர்வு வைத்தேன். நல்ல போன் கையில் இருந்து வீடியோவாகப் பார்த்துத் தள்ளிய சிலர் பேனா பிடிக்கத் தடுமாறினார்கள். பட்டன் போனில் நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதியவர்கள், நோட்டு அனுப்பியவர்கள், காம்பஸை எடுத்ததும் வரையத் தொடங்கினார்கள். பிப்ரவரி 25-ஆம் தேதி அந்த ஆண்டும் ஒன்பது, பத்து, பதினொன்றுக்குத் தேர்வில்லாமல் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. "அப்போ நாங்க போட்ட கணக்கை யாரும் பாக்க மாட்டாங்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பள்ளியிலேயே முழுத் தேர்வு வைத்து, எல்லோர் விடைத்தாளையும் திருத்திக் கொடுத்தேன்.

மிளகு, காபி அறுவடைக் காலத்தில் இன்றும் சில பிள்ளைகள் பெற்றோரோடு தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அதே பதிவுகளைக் கொடுத்து அனுப்புகிறேன். கல்வித் துறையிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவோடும் அதே பாடத்தின் ஒலி வடிவையும், இரண்டு பக்கப் பயிற்சித் தாளையும் சேர்த்து வெளியிடுங்கள். ஒலியை வீடியோவிலிருந்து அப்படியே பிரித்தெடுக்காமல், காதுக்கென்றே தனியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். வீடியோவில் "இங்கே பாருங்கள்" என்று விரல் நீட்டும் இடமெல்லாம் பட்டன் போனில் வெறும் மௌனமாகத்தான் கேட்கும்.