இரண்டு குழந்தைகளுக்குக் கார் சீட் வாங்கிய அனுபவம்

குழந்தைகளுக்கான கார் சீட் பற்றி நம் நாட்டுச் சட்டம் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட 194பி பிரிவில் அது இருக்கிறது. 14 வயது நிறையாத குழந்தை வண்டியில் இருந்தால், சீட் பெல்ட்டாவது குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாவது போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். எந்த வயதுக்கு எந்த சீட், எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைப்பது, எவ்வளவு உயரம் வரை பூஸ்டர் (பெரிய குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிரிவில் கிடையாது.

எங்கள் பெண் பிறப்பதற்கு முன்பே இதைத் தேடிப் படித்தேன். படித்ததும் குழப்பம் கூடியது. பிறந்த குழந்தைக்கு சீட் பெல்ட் போட முடியாது. எங்கள் ஏழு வயதுப் பையனுக்குப் போட்டாலோ, பெல்ட்டின் மேல்பட்டை தோளில் நிற்காமல் கழுத்தை உரசிக்கொண்டு போகும்; அது குத்துகிறது என்று அவன் கைக்கு அடியில் விட்டுக்கொள்வான். சட்டத்தின் கணக்கில் அவன் பெல்ட் போட்ட குழந்தை. விபத்து நடந்தால் அந்த பெல்ட் அவன் விலா எலும்பையும் வயிற்றையும்தான் பிடிக்கும்.

விதிகள் உண்மையில் இருப்பது மூன்று இடங்களில் என்பது போகப் போகப் புரிந்தது. சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிள், காரோடு வந்த கையேடு, அப்புறம் குழந்தையின் உயரமும் எடையும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வயதுக் கணக்கை நம்பி வாங்கினால் ஏமாறுவோம்.

வாங்குவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை நடக்க வேண்டியிருந்தது. நாங்கள் இருப்பது கோவை. அம்மாயி பொள்ளாச்சியில் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "மடியில வச்சுக்க நான் இருக்கறப்ப இதெதுக்கு கண்ணு? அம்புட்டுக் காசு!" என்றார். அவரிடம் சட்டத்தைச் சொல்லிப் பயனில்லை. கணக்கைச் சொன்னேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோ குழந்தையை மடியில் பிடித்து நிறுத்த, அந்தக் கணத்தில் ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் கைக்கு வேண்டும். "நெல்லு மூட்டை ரெண்டு அம்மாயி, புடிப்பீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, வாங்கு. நல்லதா வாங்கு" என்றார். அன்பில் அவர் பிடி தளராது, எனக்குத் தெரியும். ஆனால் எழுபது வயதுக் கையால் முடியாததை முப்பது வயதுக் கையாலும் செய்ய முடியாது. மடி என்பது என் மடியாக இருந்தாலும் இதே கதைதான்.

அடுத்த கேள்வி, எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைப்பது. கைக்குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்வாசி தலைதான். அதைத் தாங்கும் கழுத்து இன்னும் முற்றாதது. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது மோதினால், உடம்பைப் பட்டைகள் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும். பின்னால் பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே மொத்தமாக ஏந்திக்கொள்ளும். இந்த யோசனை ஸ்வீடன்காரரான பெர்டில் ஆல்ட்மனுடையது. அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகால் விசையைத் தாங்கும்படி படுத்திருந்ததைப் பார்த்து, 1964இல் அதையே குழந்தை இருக்கையில் முயன்று பார்த்தார். ஸ்வீடனில் இன்றும் நாலு வயதுவரைகூட குழந்தைகள் பின்பக்கம் பார்த்துத்தான் போகிறார்கள். கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை சரியான சீட் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

லேபிளுக்கு வருகிறேன். கடைகளில் பார்த்த சீட்டுகளில் இரண்டு வகைத் தரம் இருந்தது. ஆர்44 பழையது, எடைக் கணக்கில் போவது: 13 கிலோ வரை, 9 முதல் 18 வரை, 15 முதல் 25 வரை, 22 முதல் 36 வரை. ஆர்129 புதியது, உயரக் கணக்கில் போவது. பக்கவாட்டு மோதலையும் சோதித்திருப்பார்கள். குழந்தைக்குப் 15 மாதம் ஆகும்வரை பின்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும் என்பது அதில் கட்டாயம். இரண்டும் ஐக்கிய நாடுகள் விதிமுறைகள். நம் நாட்டுத் தரமான ஏஐஎஸ்-072 பழைய ஆர்44ஐ ஒட்டியது. லேபிளில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் சான்று கொடுத்த நாட்டைக் குறிக்கும். ஒன்று ஜெர்மனி, நான்கு நெதர்லாந்து.

ஆன்லைனில் 'பேபி கார் சீட்' என்று தேடினால் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக, பட்டைகள் தைத்த ஒரு மெத்தை வரும். அதை சீட்டின் முதுகில் கட்டிவிட்டுக் குழந்தையை உட்கார வைக்க வேண்டுமாம். நான் பார்த்தவற்றில் எந்தச் சான்று லேபிளும் இல்லை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். காசு இல்லாத வீட்டுக்கு மலிவாக ஏதாவது கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் அது பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பை மட்டும்தான் விற்கிறது.

ஒன்றுவிட்ட அக்கா தன் மகனுடைய பழைய சீட்டைத் தர முன்வந்தார். நல்ல மனதோடு கொடுத்தது. சீட்டைத் திருப்பி அடியில் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், நடுவே ஆண்டு, மாதத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறி. தயாரித்த தேதி அப்படித்தான் பொறித்திருப்பார்கள். பத்து வருடத்தைத் தாண்டியிருந்தது. லேபிள் உரிந்து போயிருந்தது. இடையில் அது யார் யார் வீட்டுக்குப் போனது, விபத்தில் சிக்கியதா என்பது அவருக்கும் தெரியவில்லை. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பலம் குறையும்; ஒரு முறை பெரிதாக மோதிய காரில் இருந்த சீட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அக்காவிடம் இதைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன், அவரும் கோபப்படவில்லை.

இனி கார். எங்களுடையது கொஞ்சம் பழைய ஹேட்ச்பேக். அதன் கையேட்டில் குழந்தை இருக்கைக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது என்பதை அதுவரை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. முன் சீட், பின் சீட் ஓரம், பின் சீட் நடு என்று ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்துகள் போட்டிருப்பார்கள். 'யு' என்றால் பெல்ட்டில் மாட்டும் பொது வகை சீட் பொருந்தும். 'யுஎஃப்' என்றால் முன்பக்கம் பார்க்கும் சீட் மட்டும். 'எக்ஸ்' என்றால் அங்கே வைக்கவே கூடாது. எங்கள் காரில் பின் சீட்டின் இரண்டு ஓரங்களும் 'யு'. நடுவில் இடுப்புக்கு மட்டும் போடும் பெல்ட் என்பதால் 'எக்ஸ்'. முன் சீட்டும் 'எக்ஸ்'. முன் சீட்டில் ஏர்பேக் இருக்கிறது. பின்பக்கம் பார்த்த சீட்டை அதன் முன்னால் வைத்தால் ஏர்பேக் விரியும் வேகத்தில் குழந்தையின் தலைக்குப் பின்னால் இடித்துத் தள்ளும். சன்வைசரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் சொல்வது இதைத்தான்.

ஐசோஃபிக்ஸ் வேண்டுமா, பெல்ட்டில் மாட்டுவது போதுமா என்று நிறைய யோசித்தோம். ஐசோஃபிக்ஸ் என்பது பின் சீட்டின் மடிப்புக்குள் இருக்கும் இரும்பு வளையங்கள்; சீட்டைத் தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், பச்சை நிறம் தெரியும். தப்பாக மாட்டும் வாய்ப்பு குறைவு. வசதி இருப்பவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் மாமாவின் காரில் அந்த வளையங்கள் இல்லை, வாடகைக் கார்களிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. எனவே பெல்ட்டில் மாட்டுகிற, 18 கிலோ வரை பின்பக்கம் பார்த்தே வைக்கக்கூடிய சீட் என்று முடிவு செய்தோம். 'பிறந்ததிலிருந்து ஏழு வயது வரை' என்று விற்கும் சில சீட்டுகளில் பின்பக்கம் பார்க்கும் அளவு 10 கிலோவிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் பையன் ஒரு வயதுக்குள்ளேயே அந்த எடையைத் தொட்டவன்.

முதலில் போன கடையில் சீட்டைக் காரில் வைத்துப் பார்க்க விடவில்லை. இரண்டாவது கடையில் இருந்த பையன் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். நல்லவேளை. எனக்குப் பிடித்திருந்த மாடலைப் பின்பக்கம் பார்த்து வைத்து பெல்ட்டைச் சுற்றி இழுத்தால், பக்கிளுக்கு நாலு விரல் தூரத்தில் பெல்ட் தீர்ந்துவிட்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. சீட்டிலும் குறையில்லை, காரிலும் குறையில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அடுத்த மாடலில் பெல்ட் போகும் பாதை வேறு மாதிரி, சரியாக எட்டியது. அதையே வாங்கினோம். ஆன்லைனில் முந்நூறு ரூபாய் குறைவாக இருந்தது. வைத்துப் பார்க்க விட்டதற்கு அந்த முந்நூறு தகும்.

இடது பின் ஓரத்தில், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தோம். நம் ஊரில் இடதுபுறம் வண்டியை நிறுத்தினால் அந்தக் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். குழந்தையை எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் பஸ் உரசிக்கொண்டு போகாது. ஆனால் சீட் இடத்தை அடைத்துக்கொள்வதால் முன் சீட்டை நன்றாக முன்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. அதில் என் கணவர் உட்கார்ந்தால் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். அம்மாயி குள்ளம். முன் சீட் அவருக்கு என்று ஆனது. வாழ்நாள் முழுக்கப் பின் சீட்டில் உட்கார்ந்து பழகியவர், பெல்ட் போட்டுக்கொண்டு வழி நெடுகத் தோப்புகளைக் காட்டிப் பேசிக்கொண்டே வருகிறார்.

மாட்டும் விதம் பற்றி ஒரு வார்த்தை. சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டு, கையால் பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். பிறகு பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி. சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும், அது தரைக்கு இணையாக நிற்கிறதா என்று காரைச் சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். சீட் நிமிர்ந்துவிட்டால் பச்சைக் குழந்தையின் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் படும், மூச்சு அடைபடும். தோள்பட்டைகள் பின்பக்கம் பார்க்கும்போது தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, முன்பக்கம் பார்க்கும்போது தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ வெளிவர வேண்டும். காறை எலும்புக்கு மேல் பட்டையைக் கிள்ளிப் பாருங்கள். விரலில் மடிப்பு சிக்கினால் இன்னும் தளர்வாக இருக்கிறது. போர்வையைப் பட்டைக்கு அடியில் சுற்ற வேண்டாம். முதலில் பூட்டிவிட்டு மேலே போர்த்துங்கள். வெயிலில் நின்ற காரில் பக்கிளின் இரும்பு சுடும், நாங்கள் பழைய வெள்ளை வேட்டியைப் போட்டு மூடி வைக்கிறோம்.

சிறு குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் சீட்டில் வைக்கக் கூடாது, பிறந்த புதிதில் அரை மணி நேரம் போதும் என்கிறார்கள். அதனால் முதல் சில மாதங்கள் சென்னைக்கு ரயிலில்தான் போனோம்.

இப்போது பெண்ணுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. கால் பின் சீட்டின் முதுகில் முட்டுகிறது. "கால் நோகாதா, திருப்பி வை" என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவள் காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொள்கிறாள். தலை, சீட்டின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்கிறது, எடையும் வரம்புக்குள் இருக்கிறது. அது மாறும்வரை திருப்பப் போவதில்லை.

பையனுக்கு முதுகு உள்ள பூஸ்டர் வாங்கினோம். உட்காரும் இடத்தை உயர்த்தி, பெல்ட்டின் மேல்பட்டையைத் தோளின் நடுவிலும் கீழ்ப்பட்டையை இடுப்பெலும்பிலும் கொண்டுவந்து நிறுத்துகிறது. பிரிட்டனில் 135 சென்டிமீட்டர் உயரமோ 12 வயதோ, எது முதலில் வருகிறதோ அதுவரை இது கட்டாயம். ஐரோப்பாவில் சில நாடுகளில் 150 சென்டிமீட்டர். அந்த அளவைத்தான் எடுத்துக்கொண்டோம். "நான் பெரிய பையன், பாப்பா சீட் வேண்டாம்" என்று அழுதான். உயரமாக உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக எல்லாம் தெரிகிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகு விட்டுவிட்டான்.

வாடகைக் காரில் போகும்போது இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறோம், சிரமம்தான். பல வண்டிகளில் பின் சீட்டுக்கு உறை போட்டு பக்கிளை அடியில் புதைத்து வைத்திருப்பார்கள். எனவே புக் செய்ததும் ஓட்டுநருக்குப் போன் போட்டு, "அண்ணா, பின்னாடி பெல்ட் மாட்டற எடம் வெளிய இருக்குதுங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் வந்து நின்றதும் அவர்களே உறையைத் தூக்கி எடுத்துக் கொடுக்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த வண்டி பார்க்கிறோம்.