மூணு வாரக் கணக்கும் ஒரு பாலாடையும்

பிரசவ லீவு முடிய ஒரு மாசம் இருக்கும்போது ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு புள்ளைக்கு பால் குடுத்துக்கிட்டே செவுத்துல தொங்குற காலண்டரப் பாத்து விரல் விட்டு எண்ணுனேன். சட்டப்படி எனக்கு 26 வாரம். 2017ல திருத்துனதுக்கு அப்புறம்தான் இந்த 26, அதுக்கு முன்னாடி வெறும் 12, அதனால குறை சொல்லக்கூடாதுன்னு வச்சுக்குவோம். ஆனா கால் வீங்கிப்போயி ஸ்கூட்டி ஓட்ட முடியலைன்னு பிரசவத்துக்கு 3 வாரம் முன்னாடியே லீவு போட்டுட்டேனா, அது கழிஞ்சு கையில நின்னது 23. டாக்டரம்மா என்னடான்னா 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேணாம்னு சொல்லியிருக்காக. 6 மாசம்னா 26 வாரம். மூணு வாரம் இடிக்குது.

எங்க நாத்தனார் கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர், அவுகளுக்கு 2021லேருந்து ஒரு வருசம் லீவு. "ஏன் ஆத்தா இவ்வளவு சீக்கிரமா போற"ன்னு அவுக கேக்குறப்ப எல்லாம் நான் சிரிச்சு மழுப்பிருவேன், வேற என்ன செய்ய.

நமக்கு வேலை காரைக்குடில ஒரு நகைக்கடன் பிராஞ்ச்ல. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய் புள்ளையப் பாத்துட்டு வரலாம்னு அதே சட்டம் சொல்லுது. கம்பெனி முழுக்க ஆயிரக்கணக்குல ஆளு இருக்கு, ஆனா எங்க பிராஞ்ச்ல 14 பேரு. ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன், "உங்க பிராஞ்சுக்குப் பொருந்தாது மேடம்"னு ஒத்த வரில பதில் வந்துச்சு. சரி போகட்டும். ஆனா அந்த சட்டத்தைத் தோண்டிப் படிச்சதுல ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, புள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் சாப்பாட்டு இடைவேளை போக பால் குடுக்கன்னே ஒரு நாளைக்கு ரெண்டு இடைவேளை உண்டாம். எங்க மேனேஜருக்கே இது தெரியல. பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேசைல வச்சேன், ரெண்டு தடவை படிச்சுட்டு "எடுத்துக்கங்கம்மா, ஆனா கூட்ட நேரத்துல வேணாம்"னு சொன்னாரு. அதனால புள்ளைய எங்க விட்டாலும் ஆபீஸ்லேருந்து பத்து நிமிசத்துக்குள்ள போற மாதிரி இருக்கணும், இது என் முதல் கண்டிசன்.

வீட்டுல யாரும் இல்லையான்னு கேப்பீங்க. என் வீட்டுக்காரருக்கு திருப்பூர்ல வேலை, ஞாயித்துக்கிழமைதான் முகம் தெரியும். அயித்தை சிங்கப்பூர்ல இருக்காக, எதுக்குன்னு கேளுங்க, மூத்த மருமகளோட புள்ளையப் பாத்துக்க! எங்கம்மா தேவகோட்டைல இருக்கு, மூட்டுத் தேய்மானம், தரையில உக்காந்தா எந்திரிக்க இன்னொரு ஆளு வேணும், ஏழு கிலோ புள்ளையத் தூக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா வெளிய விடப்போறேன்னு சொன்னதும் அம்மா ஒரு பாட்டம் வஞ்சு தீத்துருச்சு. "கூலிக்கா புள்ளைய வளக்கப் போற? நம்ம வம்சத்துல யாரு அப்படி விட்டாக?"ன்னு. வம்சத்துல யாரு நகைக்கடன் வசூலுக்குப் போனாக?

மொதல்ல அங்கன்வாடிக்குத்தான் போனேன். டீச்சரம்மா ரொம்ப நல்லவுக, பாப்பாவ எடை போட்டு அட்டைல குறிச்சுக் குடுத்தாக, 6 மாசம் முடியவும் வந்து சத்துமாவு வாங்கிக்கன்னாக, ஆனா "ரெண்டு வயசு ஆகணும் தாயி, அப்பத்தான் உக்கார வைக்க முடியும்"னு சொல்லிட்டாக.

அடுத்து பார்த்தது ஒரு பெரிய பிளே ஸ்கூலோட சேர்ந்த டேகேர். ஏசி, செவுறு பூரா கரடி முயலு, போன்ல ஆப் போட்டு எந்நேரமும் கேமராவுல பாத்துக்கலாம், மாசம் 6500. நான் பாதி சம்மதிச்சுட்டேன், அப்புறம் கைப்புள்ளைங்க ரூமக் காட்டச் சொன்னேன். எட்டு புள்ளைங்க, ஒரே ஒரு பொண்ணு, இருபது வயசு இருந்தா அதிகம். மூலையில ஒண்ணு அழுதுச்சு, அந்தப் பொண்ணு இன்னொண்ணுக்கு பாட்டிலப் பிடிச்சுக்கிட்டே காலால அந்த ஆட்டுற சேரத் தள்ளிவிட்டுச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. அந்தப் பொண்ணு மேல நான் தப்பு சொல்ல மாட்டேன், காலைலேருந்து எட்டு புள்ள, அதுக்கும் கை ரெண்டுதான. ஆனா கேமராவுல நான் இதத்தான பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், பாத்து என்ன செய்ய?

அதுக்கு அடுத்த இடம் ஒரு வீட்டு மாடில. காலை 11 மணிக்குப் போறேன், திரையெல்லாம் இழுத்துவிட்டு ஆறு புள்ளைங்களும் தூங்குதுங்க. அந்தம்மா பெருமையா "எங்ககிட்ட வந்தா சத்தமே இருக்காது"ன்னு சொன்னாக. ஆறு புள்ள ஒரே நேரத்துல தூங்கி நான் எங்கயும் பாத்ததில்ல. பேசுனபடியே செருப்ப மாட்டிக்கிட்டு கீழ வந்துட்டேன். சந்தேகப்படுறது தப்பா கூட இருக்கலாம், இருந்துட்டுப் போகட்டும்.

அப்புறம் கடைசில வழி சொன்னது நான் இட்லி மாவு வாங்குற கடைக்காரம்மா. "பெரிய வீட்டு அக்காகிட்டக் கேளேன், நாலு புள்ள வச்சுப் பாக்குது"ன்னு.

பெரிய வீடுன்னா நிசமாவே பெரிய வீடு, ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். சொந்தக்காரவுக பங்காளிக எல்லாம் சென்னை, மலேசியான்னு இருக்காக, வருசத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குக் கும்புடுற படைப்புக்கு வருவாக. அக்கா முன்னாடி அங்க ஆச்சிக்கு சமையலுக்கு இருந்தவுக, இப்ப விளக்குப் போட்டு கூட்டித் தொடைக்க அவுககிட்டத்தான் சாவி. புள்ளைங்கள வச்சுப் பாக்கவான்னு அக்கா போன்ல கேட்டதுக்கு அந்தப் பங்காளிக "பூட்டிக் கெடந்தா கரையான்தான் ஏறும், ஆள் பொழங்கட்டும்"னு சொன்னாகளாம். முகப்பும் முதல் கட்டும் பூட்டுதான், பின்னாடி ரெண்டாம் கட்டுலதான் இவுக ராஜ்ஜியம்.

நான் போனப்ப அக்கா ஒரு புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அடுப்படில கேப்பைக் கூழு கிண்டிக்கிட்டு இருந்தாக. இன்னொண்ணு தவழ்ந்து வந்து அவுக சேலையப் பிடிச்சு சிணுங்குச்சு. உடனே அடுப்ப அணைச்சாக. இடுப்புல இருந்தத உதவிக்கு இருக்குற தங்கச்சி பொண்ணுகிட்ட குடுத்துட்டு, கீழ உக்காந்து, இத மடியில போட்டு "என்னடா சாமி, என்ன வேணும் சொல்லு, யாரு வஞ்சா"ன்னு அதுகிட்ட ஞாயம் கேட்டாக. என்னைய வாங்கன்னு சொன்னது அதுக்கு அப்புறம்தான். எனக்கு அது போதுமா இருந்துச்சு.

இருந்தாலும் கண்ண மூடிக்கிட்டு சேத்துடல. கெணத்தப் பாத்தேன், இரும்பு வலை போட்டு பூட்டியிருந்துச்சு. மழ பெஞ்சா முத்தத்துல வழுக்கும்ல, அங்கிட்டு இறங்காம குறுக்க ஒரு மரத்தட்டி போட்டிருந்தாக. நிலைப்படி முழங்கால் உசரம், தவழுற புள்ள தாண்ட முடியாது, கட்டுனவுகளுக்குப் புண்ணியம். தரை பூரா ஆத்தங்குடிக்கல்லு, மிதிக்க மிதிக்கத்தான பளபளப்பு ஏறும், சித்திரை வெயில்லயும் குளுகுளுன்னு இருக்கு. மாசம் 4000 பேசுனோம். காய்ச்சல்னா கூட்டிட்டு வரக்கூடாது, பாத்ரூம் போய்ட்டு வந்து சோப்பு போட்டுக் கை கழுவித்தான் புள்ளையத் தொடணும், மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், தலையணை வேணாம், இதெல்லாம் பேசிக்கிட்டோம். முதல் ரெண்டும் அக்கா சொன்னது, கடைசி ரெண்டும் நான் சொன்னது.

லீவுல கடைசி பத்து நாள் நானும் கூடவே போய் உக்காந்தேன். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் ரெண்டு, அப்புறம் நான் திண்ணைல, புள்ள உள்ள. இங்கதான் பெரிய சிக்கல் வந்துச்சு, பாப்பா பாட்டிலத் தொட மாட்டேன்ருச்சு. மூணு விதமா நிப்பிள் வாங்குனேன், எல்லாத்தையும் நாக்கால தள்ளிட்டு ஒரே கத்து. வேலைய விட்டுறலாமான்னு யோசிச்சு அங்கயே அழுதுட்டேன். அக்கா ஒண்ணும் சொல்லாம உள்ள போய் ஒரு வெள்ளிப் பாலாடைய, அதான் புள்ளைக்குப் பால் புகட்டுற மூக்கு வச்ச குட்டிக் கிண்ணம், கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துட்டு வந்தாக, புள்ளையக் கொஞ்சம் நிமுத்தி உக்கார வச்சு, பாலாடை மூக்க உதட்டோரமா வச்சு சாச்சாக, அவ பாட்டுக்கு மடக்கு மடக்குன்னு குடிக்கிறா! முடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் வர்ற வரைக்கும் முத்தத்த சுத்தி நடந்தாக. ஆயிரத்து எண்ணூறு ரூவாய்க்கு பாட்டில் வாங்குனத நான் இன்னும் அம்மாகிட்ட சொல்லல.

எடுத்துவச்ச பால் ஃப்ரிட்ஜ்ல 4 நாள் தாங்கும், வெளிய 4 மணி நேரம், அதுவும் 25 டிகிரி வரைக்கும்தான், நம்ம ஊரு வெயிலுக்கு அந்தக் கணக்கு சரிவராதுன்னு ஐஸ் டப்பாவுல வச்சுக் குடுப்பேன். ரெண்டாவது நாளே போன், "ஆத்தா, பாலு திரிஞ்சு போச்சு, கொட்டிரவா?"ன்னு. எனக்கு உசுரே போச்சு. ராத்திரி முழிச்சு எடுத்த பாலு! "கொட்டிறாதீங்க அக்கா, கொழுப்பு மேல பிரிஞ்சு நிக்கும், டப்பாவ சுடுதண்ணில வச்சு லேசா சுத்திவிடுங்க, கலந்துரும், அடுப்புல மட்டும் வச்சுறாதீங்க"ன்னு மூச்சு விடாம சொன்னேன். "தாய்ப்பால ஐஸ்பெட்டில வச்சு எங்க காலத்துல யாரு கண்டா"ன்னு சிரிச்சாக.

சண்டையும் வந்துச்சு. ஒருநாள் பாப்பா முக்கிக்கிட்டே இருக்கான்னு வசம்பு சுட்டு உரசி நாக்குல தடவப் போயிருக்காக, தங்கச்சி பொண்ணு எனக்கு போன் பண்ணிருச்சு. வேண்டவே வேணாம், டாக்டரம்மா திட்டுவாக, தேனும் ஒரு வயசு வரைக்கும் கூடாதுன்னு நான் கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல. ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல. "முப்பது புள்ள வளத்திருக்கேன்"னு மட்டும் சொன்னாக. மூணாம் நாள் அவுகளே "கையில வளையலா கட்டவாச்சும் விடுவியா"ன்னு கேட்டாக. வாயில வைக்காம யாராச்சும் பாத்துக்கிட்டா சரின்னேன்.

இப்ப 8 மாசம். காலைல விடுறப்ப ஒரு மூச்சு அழுகை, இந்த வயசுல அப்படித்தானாம், அம்மா கண்ணுல இருந்து மறைஞ்சா திரும்ப வருவான்னு இனிமேத்தான் புரியுமாம். சாயங்காலம் கூப்பிடப் போனா சில நாள் அக்கா தோள்ல முகத்தப் பொதைச்சுக்கிட்டு வர மாட்டேங்குறா. நல்ல இடத்துல விட்டிருக்கேன்னுதான அர்த்தம், தெரியும். தெரிஞ்சாலும் ஸ்கூட்டி ஸ்டார்ட் பண்றதுக்குள்ள ஒரு மாதிரி ஆயிருது.

அடுத்த மாசம் அக்கா மகளுக்குப் பேறுகாலம், பத்து நாள் இருக்க மாட்டாக, தங்கச்சி பொண்ணு மட்டும்தான். தனியா அது என்ன செய்யும்னு அம்மாவ வரச்சொல்லி கேட்டேன். அம்மா போன வாரம் ஒருநாள் வந்து அந்த வீட்டப் பாத்துட்டுப் போயிருந்துச்சு, அக்காவோட பாதி நாள் பேசி மூட்டுவலிக்கு பிண்டத் தைலம் வேற வாங்கிட்டுப் போச்சு. "வர்றேன், ஆனா உன் வீட்டுக்கு இல்ல, மாடிப்படி ஏற முடியாது. என்னையவும் காலைல அந்தப் பெரிய வீட்டுலயே கொண்டுபோய் விட்டுரு, ஒரு சேர் போட்டு உக்காந்து அந்தப் புள்ளைக்கு சொல்லிக் குடுத்துக்கிறேன்"னுச்சு. ஸ்கூட்டில முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் தெரியல, ஆட்டோ பேசணும்.