போட்டோவில் அப்புச்சி

எல்லாம் மஞ்சள் கிழங்குக்கு மெருகு போட்ட அன்று ராத்திரி நடந்த கூத்து. சாளை வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அமுச்சியை, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியை, மொபைலில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். தலைக்கு மேலே பணியாரம் கணக்காக நாலு வெள்ளை வட்டம். சித்தி பார்த்துவிட்டாள்.

"அம்மா, அப்பா வந்திருக்காருங்மா!"

அப்புச்சி போய் 6 வருஷம். இருந்தபோதே போட்டோவுக்கு நிற்காத மனுஷன். ஆதார் கார்டிலேயே யாரையோ திட்டப் போகிற மாதிரிதான் இருப்பார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்த பாவம், விளக்கப் போனேன். மொபைலில் ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கு. முன்னால் பறக்கிற தூசியில் வெளிச்சம் பட்டு நேராகத் திரும்பி வருது. அத்தனை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது, அதனால் புள்ளி வட்டமாக ஊதிப் போகுது. கல்யாண போட்டோக்காரர் ஃப்ளாஷைத் தள்ளி வைப்பதால் அவருக்கு ஆவிகள் அவ்வளவாக வருவதில்லை.

"அதெப்புடிக் கண்ணு, தூசி இத்தன உருண்டையா இருக்கும்?" என்றாள் சித்தி.

விட்டேனா? அமெரிக்காவுக்கே போய்விட்டேன். வில்லியம் மம்லர் என்றொருவர், 1861 வாக்கில் பாஸ்டனில் ஆவிப் படம் எடுக்க ஆரம்பித்தவர். மோசடி என்று 1869-இல் நியூயார்க்கில் கேஸ். வித்தைக் காட்சி நடத்தின பார்னம், லிங்கன் ஆவியோடு தான் நிற்கிற மாதிரி ஒரு போலிப் படத்தையே செய்யச் சொல்லி, கோர்ட்டில் கொண்டுவந்து காட்டினார். கடைசியில் போதிய சாட்சி இல்லை என்று மம்லரை விட்டுவிட்டார்கள்.

"உட்டுட்டாங்கள்ல? அப்பறமென்ன!"

சரி, செய்தே காட்டிவிடலாம் என்று காலி மஞ்சள் சாக்கை எடுத்து லென்ஸுக்கு முன்னால் நாலு உதறு உதறி இன்னொரு படம் எடுத்தேன். இந்த முறை நாற்பது ஐம்பது வட்டம். எடுத்தவனுக்கு வெற்றிப் பெருமிதம். சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருத்தரைக் கூப்பிட்டதற்கு வம்சமே வந்துவிட்டதாம்! பெரிய வட்டம் பெரியப்புச்சி. ஓரத்தில் ஒதுங்கி நிற்பது பங்காளிச் சண்டையில் பேச்சு விட்டுப்போனவர்.

அமுச்சி மட்டும் ஒன்றும் பேசாமல் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் கட்டுத்தரைப் பக்கம் தாழ்ந்து கிடந்த ஒன்றை விரலால் தொட்டார். தொட்டதும் படம் பெரிதாகி ஓடிவிட்டது, மறுபடி நான்தான் கொண்டுவந்தேன்.

"இது மயிலைக் காளை. அத வித்த அன்னிக்கு உங்கப்புச்சி சோறே உங்கல."

தூசி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னொருக்கா சாக்க உதறு கண்ணு. ஜோடி மாடும் வருதான்னு பாக்கலாம்."

உதறினேன். காலையிலிருந்து தும்மிக்கொண்டிருக்கிறேன்.