வர்க்கமூலத்துக்குள் ஒரு கழித்தல் குறி

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் ஆறு வாரம் ஒரே பிழையைத் துரத்திக்கொண்டிருந்தேன். கருந்துளையின் நிகழ்வு எல்லையில், அதாவது உள்ளே போனால் ஒளியும் திரும்ப முடியாத எல்லையில் தொடங்கி, சமன்பாடுகளை வெளிப்பக்கமாகத் தீர்த்துக்கொண்டே போகும் நிரல் அது. பெரிய கருந்துளைகளுக்கு ஒழுங்காக ஓடும். ஆரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவந்தால், ஓரிடத்தில் முதல் படியிலேயே நின்றுவிடும். துல்லியத்தைக் கூட்டினேன். வேறு முறையில் முழுதாகத் திருப்பி எழுதினேன். மறுபடியும் அதே ஆரத்தில் நின்றது.

நான் எடுத்திருந்தது ஸ்கேலார்-காஸ்-போனே ஈர்ப்பு, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையை மாற்றி எழுதிய கொள்கைகளில் ஒன்று. கொள்கையை மாற்றினால் கருந்துளையும் மாறிவிடும் என்பதுதான் இந்தத் துறைக்கு வந்தபோது எனக்கிருந்த தப்பெண்ணம். 1961-இல் வந்த பிரான்ஸ்-டிக்கி கொள்கையில் ஈர்ப்போடு ஒரு ஸ்கேலார் புலமும் (ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஓர் எண்ணால் குறிக்கப்படும் புலம்) சேர்கிறது. அந்தப் புலத்தைக் கிளப்பிவிடுவது பருப்பொருள். கருந்துளைக்கு வெளியே வெற்றிடம்தான் என்றால், புலம் மாறாமல் அப்படியே கிடக்கும். அடங்கி நிலைபெற்ற கருந்துளை ஐன்ஸ்டைனின் அதே கருந்துளைதான். ஹாக்கிங் 1972-இலேயே இதைக் காட்டிவிட்டார். காஸ்-போனேயில் புலத்தைக் கிளப்புவது காலவெளியின் வளைவு. வளைவு வெற்றிடத்திலும் உண்டே! அதனால் கருந்துளையைச் சுற்றிப் புலம் படர்கிறது. கருந்துளைக்கு முடி முளைத்துவிட்டது என்போம்.

ஒருநாள் வழிகாட்டி மேடம் என் திரையைப் பார்த்துவிட்டு, “எல்லையில புலத்தோட சரிவு என்னன்னு கையால எழுதிப் பாத்தியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

எழுதிப் பார்த்ததில்லை. அன்று மாலையே உட்கார்ந்தேன். எல்லையில் எந்த அளவும் முடிவிலிக்குப் போகக் கூடாது என்றால், புலத்தின் சரிவை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ஓர் இருபடிச் சமன்பாடு அதைத் தீர்மானித்துவிடுகிறது. அதன் விடையில் ஒரு வர்க்கமூலம். உள்ளே, ஒன்றிலிருந்து ஓர் எண் கழிக்கப்படுகிறது. அந்த எண் ஒரு பின்னம், அதன் பகுதியில், அதாவது கீழே, ஆரத்தின் நான்காம் அடுக்கு. ஆரம் குறையக் குறைய அந்த எண் பெருத்துக்கொண்டே போய் ஒன்றைத் தாண்டிவிடும். அப்புறம் வர்க்கமூலத்துக்குள் கழித்தல் குறி, சரிவுக்கு மெய்யெண்ணே கிடையாது. அந்த ஆரத்தைக் கணக்கிட்டேன். நிரல் நின்ற இடத்தோடு நான்கு தசம இடம்வரை ஒத்துப்போனது.

பிழை எதுவும் இல்லை. அந்த அளவுக்குக் கீழே இந்தக் கொள்கையில் முடியுள்ள கருந்துளை இருக்க முடியாது, அவ்வளவுதான். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் இப்படி ஒரு கீழ் வரம்பு இல்லை. டைலட்டான் என்ற வகை ஸ்கேலார் புலம் கொண்ட கருந்துளைகளுக்கு இந்த வரம்பு 1996-இலேயே தெரிந்த விஷயம். அந்தக் கட்டுரையைப் படித்திருந்தும் அந்த வரியைக் கடந்து போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு சிறிய கருந்துளைகள்மீதே என் கண். கருந்துளை சிறிதாக ஆக, எல்லையில் வளைவு கூடும். முடியும் அங்கேதான் தெரியும். 2019-இல் படம் வெளியான எம்87 கருந்துளையின் நிறை சுமார் 650 கோடி சூரியன்கள். அதன் எல்லையில் வளைவு மிகச் சொற்பம், என் கொள்கைக்கு அது உதவாது. 2023 மே 29-இல் வந்த ஈர்ப்பலைதான் உதவியது. நியூட்ரான் விண்மீன் என்று கருதப்படும் ஒன்றோடு, சூரியனைப்போல் இரண்டரை முதல் நாலரை மடங்கு நிறையுள்ள பொருள் சுற்றிவந்து மோதியது. கனமானது முடியுள்ள கருந்துளையாக இருந்திருந்தால், அந்தப் புலம் கிளப்பும் இருமுனைக் கதிர்வீச்சாகவும் ஆற்றல் வெளியேறி, சுற்றுப்பாதை இன்னும் வேகமாகச் சுருங்கியிருக்கும். அப்படிச் சுருங்கிய தடயம் இல்லை. புலமும் வளைவும் எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்கின்றன என்று சொல்லும் இணைப்பு மாறிலிக்கு இருந்த இடம் இன்னும் குறுகிவிட்டது.

அந்த நிரலை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆரம் வரம்புக்குக் கீழே போனால் முன்பு பிழைச் செய்தி வரும். இப்போது அந்த இடத்தில் ‘இங்கே கருந்துளை இல்லை’ என்று அச்சிட வைத்திருக்கிறேன்.