ஆடி வெள்ளியில் நூற்றெட்டுப் பால்குடம்: சுங்கை சிப்புட், மலேசியா

மகமாயித் தாயே, தோட்டத் தொழிலாளர் லயத்துப் பாட்டிமார் முந்தானையில் முடிந்து வைத்த மஞ்சள் காசு இந்த ஆடி மூன்றாம் வெள்ளியில் உன் காலடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோதும், செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் என்று பலகை நட்டபோதும் அவர்கள் சொன்னது ஒரே வார்த்தைதான்: "கோயிலுக்குப் பட்டா கெடைக்கட்டும், நூத்தெட்டுப் பால்குடம் எடுக்கிறோம் தாயி." சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. குடத்தை மருமகள்களும் பேத்திகளும் சுமந்தார்கள்.

ஆடி வெள்ளி என்றால் இங்கே நேரக் கணக்கு முக்கியம். அன்றைக்கே ஜும்மா. ஊர்வலப் பாதை சுராவ் என்கிற சிறு தொழுகை இல்லத்தின் வாசல் வழியாகத்தான். அதனால் ஆற்றங்கரையில் காலை எட்டு மணிக்கே குடம் நிரப்பிவிட வேண்டும். பன்னிரண்டுக்குள் கடைசிக் குடம் கோயில் வாசல் தாண்டியாக வேண்டும். போலீஸ் அனுமதிக் கடிதத்திலும் பாதையும் நேரமும் இருக்கும். தாமதித்தால் அடுத்த வருஷ அனுமதிக்குத்தான் கேடு. பாலை வீட்டிலேயே ஊற்றிக்கொண்டு வராதீர்கள். காய்ச்சாத பால் இந்த ஊர் வெயிலில் நண்பகலுக்குள் திரிந்துவிடும். குடத்துக்கு ஒரு லிட்டர் போதும். கழுத்துவரை நிரப்பினால் மூன்று கிலோமீட்டர் நடையில் பாதி தோளிலேயே வழியும். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை பாதத்தை வேகவைக்கும். தண்ணீர் லாரி முன்னால் போனது. அதைவிட, சுராவ்காரர்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் குழாயிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து வாசலில் விட்டிருந்தார்கள். "காக்கி பானாஸ், மக்சிக்" (கால் சுடுமே, அம்மா) என்று ஒரு பெரியவர் ஒவ்வொரு பாதத்துக்கும் தண்ணீர் விட்டார். நன்றாயிருக்கட்டும் அவர் குடும்பம்.

மனசு நோகிறதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயில் முகப்பிலேயே ஆட்கள் கையைப் பிடித்து அர்ச்சனைத் தட்டைத் திணிக்கிறார்கள், 35 வெள்ளி (ரிங்கிட்). உள்ளே கோயில் கவுண்டரில் அதே தட்டு 10 வெள்ளி. வெளியூர்க்காரர்கள் ஏமாறாதீர்கள். பின்னால் ஒரு வேனில் ஒலிபெருக்கி கட்டிச் சினிமாப் பாட்டு வேறு. அம்மனுக்கு முன்னால் உறுமி போதும் ஐயா.

கோயில் பழைய இடத்திலிருந்து நானூறு மீட்டர் தள்ளி வந்திருக்கிறது. அம்மனை அசைத்தால் பாவம் என்று அப்போது எத்தனை கண்ணீர்! ஆகமத்தில் அதற்கு வழி இருக்கிறது. கலாகர்ஷணம் செய்து சக்தியைக் கும்பத்தில் ஏற்றி, அத்திப் பலகையில் பாலாலயம் என்கிற தற்காலிகச் சந்நிதி வைத்துவிட்டால் பூஜை ஒரு நாளும் நிற்காது. புது இடத்தில் சிலையை ஜலம், தானியம், சயனம் என்று முறையே வைத்தெடுக்கும் அதிவாசங்கள் முடித்து, பீடத்தோடு பிடித்து நிறுத்தும் அஷ்டபந்தன மருந்து சாத்தி நிறுத்துகிறார்கள். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டும் சேர்த்து இடிக்கிற இடி பதத்துக்கு வராவிட்டால் பீடத்தில் பிடிக்காது. அபிஷேகத் தண்ணீர் அடியில் இறங்கும்.

நிலம்தான் பெரிய தவம். தோட்டத்துத் துரை வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் என்பதை நில அலுவலகம் ஏற்காது. 1965ஆம் வருஷ தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அரசு நிலத்துக்கும், 341ஆம் பிரிவு தனியார் நிலத்துக்கும் ஒரே சங்கதியைத்தான் சொல்கிறது: எத்தனை தலைமுறை அனுபவித்தாலும் அனுபவத்தால் உரிமை வராது. அரசு நிலத்துக்குத் தரும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31-ல் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்து மாட்டிக்கொண்ட கோயில்கள் உண்டு. கோயில் நிர்வாகத்தின் சங்கப் பதிவுக்கு ஆண்டறிக்கை அனுப்பாமல் பதிவு போய்விட்டால் நிலத்தை யார் பேரில் தருவது? முதலில் நில அலுவலகப் பதிவேட்டில் நிலத் தேடல் எடுத்து, யார் பேரில் இருக்கிறது, எந்த வகை நிலம் என்று பார்க்க வேண்டும். தோட்டம் கைமாறுவதற்கு முன்பே கேட்பது உத்தமம். கைமாறிய பிறகு கெஞ்சல்தான்.

பேசித் தீர்க்காமல் தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டோம். 2009-ல் ஷா ஆலமில் கோயில் தங்கள் பகுதிக்கு இடம் மாறுவதை எதிர்த்துச் சிலர் மாட்டுத் தலையைத் தூக்கி வந்தார்கள். 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்டு கோயில் தகராறு கலவரமாகி ஒரு தீயணைப்பு வீரரின் உயிரே போனது. 2025-ல் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பத்ரகாளியம்மன் ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளிப் போக ஒப்புக்கொண்டது பேசித்தான்.

"அவங்க நாட்டுல நமக்குக் கோயில் கட்ட விடுவாங்களா?" என்று முஸ்லிம் நாடுகளைக் காட்டி நம்மவர்கள் கேட்கிறார்கள். இந்தியாவில் பள்ளிவாசலுக்கு நடந்ததைக் காட்டி அந்தப் பக்கத்திலும் கேட்கிறார்கள். எங்கோ நடந்ததற்குக் குழாய் பிடித்துக் கால் நனைத்த அந்தப் பெரியவரிடம் பாக்கி வசூலிப்பது என்ன நியாயம்? கணக்கே பார்ப்போம் என்றால், நாகூர் தர்காவின் பெரிய மினாரா என்கிற கோபுரத்தைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அபுதாபியில் ஆட்சியாளர் கொடுத்த 27 ஏக்கரில் 2024 பிப்ரவரியில் கோயில் திறந்தது. மலாக்காவில் 1781 முதல் பொய்யாத விநாயகர் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இருக்கிற அதே தெருவில்தான் உட்கார்ந்திருக்கிறார். இங்கே புதுக் கோயிலுக்கு வரைபடம் போட்டபோது சுராவ் பக்கம் வடிகால் ஓடாதபடி கால்வாயைக் கோயில்காரர்கள் திருப்பினார்கள், யாரும் கேட்கும் முன்பே. நோன்பு மாதம் தராவீஹ் என்கிற இரவுத் தொழுகைக்கு வருகிற கார்களுக்குக் கோயில் திடல் திறந்தே இருக்கும். பதிலுக்கு என்ன என்று இரண்டு பக்கமும் எழுதி வைக்கவில்லை.

அபிஷேகம் நடுவில் மணி 1.20ஐ ஒட்டிப் பாங்கு எழும்பியது. குருக்கள் கையைக் காட்டினார். உறுமி, நாதஸ்வரம், மணி எல்லாம் நின்றன. பால் மட்டும் நிற்கவில்லை. மஞ்சள் பூசிய முகத்தில், மூக்குத்தியில், மார்பில் வழிந்து கோமுகியில் விழுகிற சத்தம் பாங்குக்குள் கேட்டது. மேளம் இருந்தால் அந்தச் சத்தத்தை யார் கேட்கப் போகிறார்கள்! கண் திறந்தபடி தாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். கைத்தடியோடு நின்ற பாட்டியின் உதடு மட்டும் அசைந்தது. அழுகை வந்து தொண்டையை அடைத்தது எல்லாருக்கும்.

பிறகு மணி அடித்தது. ஓம் சக்தி, பராசக்தி! பட்டாவும் கொடுத்தாய், பாலையும் வாங்கிக்கொண்டாய், நூற்றெட்டில் ஒரு குடம்கூடத் தவறவில்லை தாயே. தொழுகை முடிந்து வந்தவர்களுக்குப் பானகம் போதாமல் இரண்டாம் தரம் கரைத்தார்கள்.