எடை மேடை ஏறிய படகு

டல்லாஸ் பக்கத்தில் பாஸ் மீன் பிடிக்கிற எவரிடமாவது "எந்தப் படகு வாங்கலாம்?" என்று கேட்டால் ஒரு மதியம் முழுசாகப் போய்விடும். அத்தான் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டார். அத்தனை பேர் யோசனையையும் கேட்டுவிட்டு, நேராகப் போய் நின்றது 21 அடி ஃபைபர்கிளாஸ் படகு முன்னால். ரத்தச் சிவப்பு, மேலே ஜிகினா. "என் முகூர்த்தப் புடவைகூட இப்படி மினுங்கலை" என்றாள் அக்கா.

அத்தான் அதை விரல் முட்டியால் தட்டினார். "கனமா இருந்தாத்தான் மாப்ளே உறுதி."

பாதி சரி. அலையடிக்கிற ஏரியில் கனமான படகு அலையை வெட்டிக்கொண்டு போகும், காற்றுக்கும் சட்டென்று நகராது. ஆனால் ஃபைபர்கிளாஸில் எடை வேறு, உறுதி வேறு. கண்ணாடி இழைத் துணியை எப்படி அடுக்கினார்கள் என்பதுதான் விஷயம். இழையை ஒட்டவைக்கிற ரெசின் பசையைக் கூடுதலாக ஊற்றினால் எடைதான் ஏறும்.

"அது இருக்கட்டும் அத்தான், இழுக்கிறது எது?"

அவர் கை காட்டிய திசையில் அவருடைய டொயோட்டா சியன்னா வேன் நின்றது. அது இழுக்கக்கூடியது 3,500 பவுண்டு. விளம்பரத்தாளில் படகு எடை 2,000 சொச்சம். "இன்னும் 1,500 மிச்சம் இருக்கே!" என்று துள்ளினார். விற்பனையாளர் நல்ல மனுஷர். அது வெறும் கூட்டின் எடை என்றார். 250 குதிரைசக்தி என்ஜின் 500 பவுண்டு. 50 கேலன் பெட்ரோல் 300. அப்புறம் நாலு பேட்டரி, டிரெய்லர். டிரெய்லர் வருவதற்குள்ளேயே அத்தான் நாற்காலி தேடினார். எல்லாம் சேர்த்தால் 4,000 தாண்டுகிறது. படகோடு ஒரு பிக்கப் டிரக்கும் வாங்கவேண்டும். அக்கா ஒன்றும் பேசவில்லை. அது போதுமானதாக இருந்தது.

அடுத்து, பழைய படகு. 18 அடி, விலை கொள்ளை மலிவு, அவ்வளவு மலிவாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் படகுகளில் என்ஜின் மாட்டுகிற பின்பலகைக்கு உள்ளே மரம் இருக்கும். ஒரு திருகுத் துளை வழியாக நீர் புகுந்தால் போதும், மரம் உளுத்துப்போகும், அடியில் அடைத்த ஃபோமும் ஊறிப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. நான் என்ஜினைத் தூக்கிவைத்து அதன் கீழ்ப்பகுதியை மேலும் கீழும் அழுத்தினேன். பின்பலகையும் சேர்ந்து ஆடியது. "எல்லாப் படகும் கொஞ்சம் ஆடும்" என்றார் விற்கிறவர்.

அப்படியே அவர் வண்டியிலேயே லாரிகள் நிற்கிற இடத்து எடை மேடைக்கு ஓட்டிப்போனோம். கணக்குப் போட்டதைவிட 400 பவுண்டுக்கு மேல் கூடுதல். "தூண்டில் சாமான் நிறைய உள்ளே இருக்கு" என்றார். திறந்து பார்த்தோம். ஒரு குடை இருந்தது.

கடைசியில் 17 அடி அலுமினியம். ரிவெட் அடித்ததா, வெல்டிங் செய்ததா என்று வேறு ஒரு சண்டை. ரிவெட் நாள்பட்டால் தளர்ந்து கசியும் என்பதால் வெல்டிங் ஜெயித்தது. சியன்னா முனகாமல் இழுக்கிறது. அத்தானுக்குப் பிடித்த லேக் ஃபோர்க்குக்கு இதுவே தோது. 1980-ல் அணையை மூடி நீர் தேக்கியபோது பெரும்பாலான மரங்களை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்ட ஏரி அது. கட்டையில் இடித்தால் அலுமினியம் நெளியும், ஃபைபர்கிளாஸ் என்றால் மேல்பூச்சு பெயர்ந்து பர்ஸும் பெயரும். காற்று அடித்தால் மட்டும் படகு பக்கவாட்டில் தானே கிளம்பிவிடும்; அத்தான் முன்னால் நின்று டிரோலிங் மோட்டாரோடு (படகை மெதுவாக நகர்த்துகிற சின்ன மின் மோட்டார்) மல்லுக்கட்டுவார், தூண்டில் சும்மா கிடக்கும்.

பிரச்சினை தகட்டில் வந்தது. 20 அடிக்குக் குறைந்த படகில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று ஒரு தகடு இருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எங்கள் தகட்டில் 4 பேர் அல்லது 600 பவுண்டு. அத்தான் பேனாவும் கையுமாக எல்லோர் எடையையும் கேட்டார்.

"110 போட்டுக்கோங்க" என்றாள் அக்கா.

அத்தான் இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர். மறுபேச்சில்லாமல் எழுதினார். கூட்டினால் 595 வந்தது.

டெக்சாஸின் மிகப்பெரிய லார்ஜ்மவுத் வகைப் பாஸ், 18.18 பவுண்டு, 1992-ல் இதே ஏரியில்தான் பிடிபட்டது. அக்கா பையன் தாளை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, அந்த மாதிரி ஒண்ணு மாட்டினா யார் இறங்கணும்?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம்.